மாமா பார்க்காத கடல்

சனிக்கிழமை காலை ஐந்து மணி. கெலாங் பாத்தா பட்டணத்தில் ஒரு மாமாக் கடை. எனக்கு எதிரே தே ஓ கோசோங் குடித்துக்கொண்டிருந்தார் என் தாய்மாமா. இருதயத்தில் 'ஸ்டெண்ட்' வைத்து நான்கு மாதம்தான் ஆகிறது. ரொட்டி சானாய்க்கு ஆர்டர் கொடுக்கப் போனவரை என் அத்தையின் பெயரைச் சொல்லித் தடுத்து, இரண்டு அரைவேக்காட்டு முட்டையோடு நிறுத்தினேன்.

மாமா பத்தொன்பது வருஷம் தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகத்துக்குக் கொள்கலன் லோரி ஓட்டியவர். கெலாங் பாத்தா வழியாக அவர் போகாத நாளே இல்லை. ஆனால் அந்தப் பக்கத்துக் கடலை அவர் ஒரு நாளும் நெருங்கிப் பார்த்ததில்லை. வேலி, பாதுகாவலர் சாவடி, எடை மேடை, வரிசையில் இரண்டு மணி நேரம், மறுபடியும் சாலை. அவ்வளவுதான் அவர் பார்த்த துறைமுகம்.

"மாப்ள, வேலி இடுக்குல கொஞ்சம் தண்ணி தெரியும். அதுதான் நான் பாத்த கடலு" என்று ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது சொன்னார். "வெளிய வந்தா ஒரு நாள் அங்க தூண்டி போடணும்."

அந்த ஒரு நாள்தான் இது.

எனக்குத் தூண்டில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரே மாமாதான். பள்ளி விடுமுறைக்கு அவர் வீட்டுக்குப் போனால், செம்பனைத் தோட்டத்துக் கால்வாயில் விரால் பிடிக்கக் கூட்டிப்போவார். மூங்கில் கம்பு, மண்புழு, சில நாள் உயிருள்ள சின்னத் தவளை. மலாயில் ஆருவான் என்கிறோமே, அதே விரால். யாருக்காவது பிரசவமோ ஆபரேஷனோ ஆனால், அந்த மீன் சூப்பாகி அவர்கள் வீட்டுக்குப் போய்விடும். இந்த முறை மாமாவுக்கே அந்த சூப் தேவைப்பட்டது. சந்தையில் வாங்கித்தான் கொடுத்தோம். நாங்கள் தூண்டில் போட்ட கால்வாய் இப்போது ஒரு வீடமைப்புப் பகுதியின் சாலைக்கு அடியில் குழாயாக ஓடுகிறது.

உடைந்த வளையல்

'கெலாங்' என்றால் வளையல், 'பாத்தா' என்றால் உடைந்தது. உடைந்த வளையல் என்று ஓர் ஊருக்குப் பெயர். ஜொகூர் பாருவிலிருந்து மேற்கே அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். ஒரு காலத்தில் ரப்பரும் செம்பனையும் மீன்பிடிக் கம்பங்களுமாக இருந்த வட்டாரம். 1977 டிசம்பர் 4 அன்று கடத்தப்பட்ட மலேசிய விமானம் ஒன்று இங்குள்ள தஞ்சோங் கூப்பாங்கில் விழுந்து அதிலிருந்த 100 பேரும் இறந்தார்கள். வெளியூர்க்காரர்கள் பலர் இந்தப் பக்கத்தின் பெயரைக் கேட்டதே அப்போதுதான்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1998இல் துவாஸை இணைக்கும் இரண்டாவது பாலம் திறந்தது. 2000இல் தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகம் அதிகாரபூர்வமாகத் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் தன் வட்டார மையத்தைச் சிங்கப்பூரிலிருந்து இங்கே மாற்றியது உலகச் செய்தி ஆனது. மாமா போன்ற நூற்றுக்கணக்கானவர்களுக்கு அதுதான் சோறு. என் அத்தை மகள் பல்கலைக்கழகம் போனதும் அந்தத் துறைமுகத்தின் வாடகைப் பெட்டிகளால்தான்.

கம்போங் பெண்டாஸ் படகுத்துறைக்கு வந்தபோது இன்னும் இருட்டு. எங்களுக்காகக் காத்திருந்தவர் அறுபதைத் தாண்டிய ஒரு மலாய்க்காரப் பெரியவர். பாக்சிக் என்றே கூப்பிட்டோம். ஃபைபர் படகு, பின்னால் ஒரு சின்ன இயந்திரம். உயிர்க்காப்பு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு, "ஐசி இருக்கா?" என்று கேட்டார். எதிர்க்கரை சிங்கப்பூர். நடுவில் கண்ணுக்குத் தெரியாத கோடு. அதைத் தாண்டினால் எந்தப் பக்கத்துக் காவல் படகு முதலில் வரும் என்று சொல்ல முடியாது.

படகு கிளம்பி பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, என் கைப்பேசி 'சிங்கப்பூருக்கு நல்வரவு' என்றது. மாமா சிரித்தார். "பாஸ்போர்ட்டே இல்லாம வந்துட்டோம்லா!"

முழங்கால் ஆழத்தில் ஒரு காடு

வெளிச்சம் வந்தபோதுதான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்தது. கிழக்கே பாலம். தெற்கே துவாஸின் தொழிற்சாலைகள். மேற்கே வானுயர்ந்த ஃபாரெஸ்ட் சிட்டி கட்டடங்கள். அதற்கும் அப்பால் மாமாவின் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள், ஒட்டகச்சிவிங்கிகள் வரிசையாக நிற்பதுபோல. நடுவில் குட்டித் தீவு, புலாவ் மெராம்போங்.

பாக்சிக் இயந்திரத்தை நிறுத்தி, நீண்ட கம்பை எடுத்து ஊன்றினார். இடுப்பளவு தண்ணீர்கூட இல்லை. கீழே பார்த்தேன். பச்சை. ரிப்பன் ரிப்பனாக, என் கைநீளத்துக்கு மேல், நீரோட்டம் போகும் திசையிலேயே சாய்ந்து கிடக்கும் புல்.

"இது என்ன?" என்று மாமா மலாயில் கேட்டார்.

"செத்து" என்றார் பாக்சிக்.

மாமா அதிர்ந்து என்னைப் பார்த்தார். "செத்துப்போச்சா?"

அந்தக் கடற்புல்லுக்கு மலாயில் பெயரே அதுதான், 'ரும்புட் செத்து'. தமிழில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நான் விளக்கியதும் பாக்சிக் துடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு தண்ணீரைக் காட்டிச் சொன்னார்: "பெயர்தான் அப்படி. உயிரோடுதான் இருக்கிறது."

கடற்புல் பாசி அல்ல. வேர், தண்டு, இலை, பூ எல்லாம் உள்ள தாவரம். செத்துவின் ஆண் பூக்கள் செடியிலிருந்து கழன்று நீர்மட்டத்தில் மிதந்து பெண் பூவைத் தேடிப் போகும். அதோடு கரண்டி போன்ற சின்ன இலை கொண்ட வகையும் இங்கே உண்டு. கடற்பசு விரும்பி மேய்வது அதைத்தான். இறாலும் நண்டும் குஞ்சு பொரிந்ததும் ஒளிந்து வளர்வது இந்தப் புல்லுக்குள்ளே. கடற்குதிரை வாலைச் சுற்றிக்கொண்டு நிற்பதும் இங்கேதான். தண்ணீர் வற்றும்போது கம்பத்துப் பெண்கள் கோங்கோங் நத்தை பொறுக்குவதும் இங்கேதான்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது புதிதல்ல. பாக் நீரிணையில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022இல் கடற்பசு பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அறிவித்தது. இந்தியாவில் அதுதான் முதல். அங்கேயும் காப்பாற்றப்படுவது, முதலில், இதே புல்தான். ஆவுளியா என்று அங்குள்ள மீனவர்கள் அழைக்கும் அந்த விலங்கு புல் இல்லாமல் வாழாது.

ஜிக் என்றால் நடனம்

இனி தூண்டில் கதைக்கு வருவோம். நாங்கள் தேடி வந்தது கொடுவா. மலாயில் சியாக்காப். கடைகளில் எலுமிச்சை போட்டு ஆவியில் வேகவைத்துத் தருவார்களே, அதேதான். ஆனால் வளர்ப்பு மீன் வேறு, பாறையிலும் புல்லிலும் வேட்டையாடி வளர்ந்த மீன் வேறு.

அமெரிக்காவில் ஏரி மீன்பிடி என்றாலே 'லார்ஜ்மவுத் பாஸ்' என்ற பெரிய வாய் மீன்தான். 1932இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்பவர் 22 பவுண்டு 4 அவுன்ஸ் எடையில் ஒன்றைப் பிடித்தார். அந்தச் சாதனையை 77 ஆண்டுகள் யாரும் தொடவில்லை. 2009இல் ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரித்தா அதற்கு ஓர் அவுன்ஸ் கூடுதலாகப் பிடித்து, சாதனையைப் பகிர்ந்துகொண்டார். களை மண்டிய ஆழமில்லா ஏரிகளில் அந்த மீனைப் பிடிக்க அவர்கள் பயன்படுத்தும் முக்கிய ஆயுதம் ஜிக். நம் கொடுவாவுக்கும் அந்த மீனுக்கும் குணம் ஒன்று: துரத்தி ஓடுவதைவிட, மறைவில் காத்திருந்து பாய்வதே இரண்டுக்கும் பிடிக்கும். அதனால் அந்த ஏரி வித்தை இந்தக் கடற்புல்லிலும் செல்லுபடியாகிறது.

ஜிக் என்பது ஈயத் தலையோடு வார்த்த ஒரு தூண்டில் முள். அதில் இறால் போலவோ சின்ன மீன் போலவோ ரப்பர் உடல் ஒன்றைக் கோத்துவிடுவோம். முள்ளின் முனை மேல்நோக்கி இருப்பதால் தரையில் சிக்குவது குறைவு. புல் இருக்கும் இடத்துக்கு, முனைக்கு முன்னால் நைலான் முடிக்கற்றை வைத்த வகை வேண்டும். புல் பட்டால் முடி தடுக்கும். மீன் கடித்தால் முடி வளைந்து முள் வெளியே வரும். ஆழமில்லா இடத்தில் ஏழு முதல் பத்து கிராம் எடை போதும்.

போட்டதும் இழுக்கக்கூடாது. இறங்கவிட வேண்டும். தூண்டில் நுனியை மெல்ல உயர்த்தி, மறுபடியும் இறங்கவிட வேண்டும். எழுவது, விழுவது, எழுவது, விழுவது. இறால் பயந்து துள்ளிவிட்டு அடங்குவதுபோல. மீன் பெரும்பாலும் கடிப்பது எழும்போது அல்ல, விழும்போது. அதனால் நூல் தொய்யவும் கூடாது, விறைக்கவும் கூடாது.

"விழும்போது கவனிக்கணும், அப்படித்தானே?" என்றார் மாமா. "டாக்டரும் அதைத்தான் சொன்னாரு."

இன்னொரு விஷயம். கொடுவாவின் செவுள் மூடி பிளேடு மாதிரி. அதனால் மெல்லிய பின்னல் நூலின் நுனியில் தடித்த நைலான் நரம்பு ஒரு மீட்டராவது கட்ட வேண்டும். இதை நான் மாமாவிடம் இரண்டு முறை சொன்னேன். "விரால் பிடிச்சவனுக்குப் பாடமா?" என்று தன் பழைய நரம்பையே கட்டிக்கொண்டார்.

இரண்டு கிழவர்கள்

முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. ஜிக்கில் புல்தான் வந்தது. நான் வானொலிக்காரன். ஒலிபரப்பில் மூன்று விநாடி அமைதி விழுந்தால் எங்களுக்கு வயிறு கலங்கும். படகில் அரை மணி நேரம் யாரும் பேசவில்லை. நான் மூன்று தடவை பேச்சைத் தொடங்கி, மூன்று தடவையும் பாக்சிக் உதட்டில் விரல் வைத்தார்.

அவரே பிறகு பேசினார், மாமாவைப் பார்த்து. "அபாங் என்ன வேலை பார்த்தீங்க?"

மாமா உடனே பதில் சொல்லவில்லை. எனக்கும் ஏனென்று புரிந்தது. வரும் வழியில்தான் பாக்சிக் சொல்லியிருந்தார்: துறைமுகத்துக்காகக் கடலைத் தோண்டிய பிறகு தன் அப்பா நண்டு வலை போட்ட இடமெல்லாம் போனது, பெரிய கப்பல்களின் அலையில் சின்னப் படகு ஓட்டுவது சிரமமானது. 2014இல் ஃபாரெஸ்ட் சிட்டிக்காக மண் கொட்டத் தொடங்கியபோது, அந்த மண் இந்தப் புல்மேட்டின் குறுக்கே பாதை போலப் போடப்பட்டது. சிங்கப்பூரும் கேள்வி எழுப்பியது. வேலை சில காலம் நிறுத்தப்பட்டு, சுற்றுச்சூழல் ஆய்வறிக்கை 2015 ஜனவரியில் அங்கீகரிக்கப்பட்ட பிறகே தொடர்ந்தது. நான்கு செயற்கைத் தீவுகள், 1,386 ஹெக்டேர், ஏழு லட்சம் பேர் குடியேறுவார்கள் என்று திட்டம். இப்போது இரவில் அந்தக் கட்டடங்களில் எரியும் விளக்குகளை எண்ணிவிடலாம் என்கிறார் பாக்சிக்.

"லோரி ஓட்டினேன்" என்றார் மாமா கடைசியில். விரலால் மேற்கே காட்டினார். "அங்கதான். பத்தொன்பது வருஷம்."

தண்ணீர் படகில் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"என் ரெண்டாவது பையனும் அங்கதான் இருக்கான்" என்றார் பாக்சிக். "பாரந்தூக்கி ஓட்டுறான். நல்ல சம்பளம். இந்தப் படகு இயந்திரம்கூட அவன் வாங்கிக்கொடுத்ததுதான்." சற்று நேரம் கழித்து, "ஆனா அவனுக்கு நீந்தத் தெரியாது" என்றார்.

மாமா தலையை ஆட்டினார். "எம் பொண்ணுக்கு விரால் வழுக்கும்னுகூடத் தெரியாது."

இரண்டு பேரும் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வயிறும் கடலும் ஒரே தராசில் ஏறும்போது, கரையில் நின்று தீர்ப்புச் சொல்வது எளிது. அந்தத் தராசிலேயே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அவ்வளவு எளிதாக இல்லை. எனக்கும் இல்லை. அந்த லோரியின் முன்சீட்டில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டவன் நான்.

விழும்போது கடித்தது

ஏற்றம் முடிந்து தண்ணீர் இறங்கத் தொடங்கியதும் பாக்சிக் படகைப் புல்மேட்டின் ஓரத்துக்கு நகர்த்தினார். ஏற்றத்தில் புல்லுக்குள் மேயப் போன இறாலும் சின்ன மீனும், இறக்கத்தில் வெளியே வந்தாக வேண்டும். கொடுவா அந்த வாசலில் நிற்கும். புல் முடிந்து ஆழம் தொடங்கும் அந்தக் கோட்டில்.

என் ஜிக் மூன்றாவது முறை விழும்போது நூலில் ஒரு 'டொக்'. கதவை யாரோ ஒரு விரலால் தட்டியதுபோல. இழுத்தேன். வெள்ளியாக ஒன்று தண்ணீரைவிட்டு எம்பி, தலையை உதறி, மறுபடி விழுந்தது. ஐந்து நிமிடத்தில் பாக்சிக்கின் வலைக்குள். ஒன்றரைக் கிலோ இருக்கும்.

அதைக் கொண்டாடி முடிப்பதற்குள் மாமாவின் தூண்டில் வளைந்தது. என்னுடையதைப் போல அல்ல. கைப்பிடி வரை வளைந்தது. ரீல் அலறியது. மாமா எழுந்து நிற்கப் பார்த்தார். "உட்காருங்க மாமா!" என்று கத்தினேன். அவர் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தேன், மீனையல்ல. முகம் சிவந்திருந்தது. மூச்சு வாங்கியது. "கொடுங்க, நான் பிடிக்கிறேன்" என்று கை நீட்டினேன்.

"தொடாத மாப்ள."

அந்தக் குரலை நான் இருபது வருஷத்துக்கு முன் கால்வாய்க் கரையில் கேட்டிருக்கிறேன். கையை எடுத்துக்கொண்டேன்.

மீன் படகிலிருந்து நான்கு மீட்டரில் எம்பியது. பொன்நிறக் கண், திறந்த வாய், என் தொடை அளவு உடல். ஒரு உதறல். நூல் தளர்ந்தது. நரம்பின் நுனியைத் தூக்கிப் பார்த்தோம், கத்தியால் அறுத்ததுபோல சுத்தமாக இருந்தது.

மாமா என்னைத் திட்டவில்லை, தன்னையும் திட்டவில்லை. மெதுவாக உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மூச்சு சீரானதும் சொன்னார்: "ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுலேர்ந்து எல்லாரும் எங்கிட்ட பூ மாதிரி பேசறீங்க. இது ஒண்ணுதான் என்னை ஆள்னு நெனச்சு இழுத்துச்சு."

நான் வாய் திறக்கவில்லை. அந்த வாரத்தில் என்னிடமிருந்து போன சரியான ஒலிபரப்பு அதுதான்.

பாக்சிக்குக்கும் வருத்தமில்லை. "அவ்வளவு பெரிசு என்றால் அது தாய்" என்றார். அது வெறும் ஆறுதல் அல்ல, அறிவியல். கொடுவா முதலில் ஆணாகவே முதிர்கிறது. சில ஆண்டுகள் கழித்து, வளர்ந்த பிறகே பெண்ணாக மாறுகிறது. பெரிய கொடுவாக்களில் அநேகமாக எல்லாமே முட்டையிடும் தாய்கள். ஒரு பெரிய மீனை எடுத்துவிட்டால், அந்த இடத்தை நிரப்ப இன்னொன்று அத்தனை வருஷம் தப்பிப் பிழைக்க வேண்டும். வலையில் வந்திருந்தாலும் படமெடுத்துவிட்டு விட்டிருக்கவேண்டிய மீன்தான் அது.

போகிறவர்களுக்கு

இந்தப் புல்மேட்டுக்குப் பின்னால் இருக்கும் சுங்கை பூலாய் அலையாத்திக் காடு 2003 ஜனவரியில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, 9,126 ஹெக்டேர். ஒராங் செலத்தார் என்னும் கடல்வாழ் பூர்வகுடியினரின் கம்போங் சிம்பாங் ஆராங்கும் இந்த வட்டாரத்தில்தான். கம்பத்து இளையர்களைக் கொண்டு கடற்புல்லைக் கண்காணிக்கவும் வருகிறவர்களுக்குக் காட்டவும் டாக்டர் செரினா ரஹ்மான் 2008இல் தொடங்கிய கெலாப் அலாமியும் இங்குதான் வேர்விட்டது. பிள்ளைகளோடு போகும் குடும்பங்கள் தூண்டில் இல்லாமலும் போகலாம். வற்றும் நேரத்தில் புல்மேட்டைப் பார்ப்பதே ஒரு பாடம்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில்தான் தண்ணீர் நன்றாக வற்றிப் புல் வெளியே தெரியும். தூண்டிலுக்கு அதற்கு ஒரு வாரம் தள்ளிப் போவது நல்லது, நீரோட்டம் அடங்கியிருக்கும். உள்ளூர்ப் படகுக்காரரோடு போங்கள், அடையாள அட்டையை மறக்காதீர்கள். புல்லின்மேல் நங்கூரம் போட விடாதீர்கள், கம்பை ஊன்றினால் போதும். முட்டையோடு வரும் நண்டைத் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள். நரம்பு புதிதாக இருக்கட்டும். இதை மாமாவும் இப்போது ஒப்புக்கொள்கிறார்.

கரைக்குத் திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. காரில் சிங்கப்பூரின் ஒலி 96.8 தெளிவாக வந்தது. போட்டி நிலையம் என்றாலும் அணைக்கவில்லை. ஒன்றரைக் கிலோ கொடுவாவில் பாதியைப் பாக்சிக் எடுத்துக்கொள்ளச் சொன்னோம். அவர் மறுத்து, மாமாவின் கையில் ஒரு பை கோங்கோங் கொடுத்தார்.

நெடுஞ்சாலையில் ஏறுமுன், துறைமுகத்துக்குப் பிரியும் சாலை வந்தது. கொள்கலன் லோரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. மாமா கண்ணாடியை இறக்கி அவற்றைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"வேலிக்கு அந்தப் பக்கம் புல்லு இருக்குன்னு இவங்களுக்கு யாராவது சொல்லணும் மாப்ள" என்றார். "ரேடியோவுல சொல்லேன்."

சொன்னேன். இப்போது எழுதியும் விட்டேன்.